நாசிக் திராட்சைத் தோட்டத்துக்கு ஏன் பிப்ரவரியில் போகிறோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

திரியம்பகேஸ்வர், ஷீரடி யாத்திரையோடு நாசிக்கின் ஒயின் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒரு நாள் சேர்த்திருக்கிறோம். "பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதத்தில் வைக்கக் கூடாதா?" என்று பலர் மயிலாப்பூர் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டீர்கள். ஒரு வருடம் அப்படித்தான் வைத்தோம். கொடியில் ஒரு குலைகூட இல்லை. கூட வந்த பெரியம்மா ஒருவர் "பழம் எங்கேப்பா?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அன்று வந்தவர்களிடம் இப்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

பிரான்ஸில் பனிக்காலம் வந்தால் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். நாசிக்கில் அப்படி உறங்கவைக்கும் குளிர் கிடையாது. அதனால் கொடிக்குக் காலம் காட்டுவது விவசாயியின் கத்தரிதான். ஏப்ரலில் ஒரு கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. வெயிலில் புதுக்கிளை ஓடி முற்றும். அப்புறம் மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு கவாத்து. அதற்குப் பிறகுதான் பூவும் காயும். இரண்டு தடவை வெட்டினாலும் மகசூல் ஒன்றுதான், ஜனவரி முதல் மார்ச் வரை. மழையில் பழுத்தால் குலை அழுகிவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு. மே மாதம் நாம் பார்த்தது முதல் கவாத்தின் தளிரை.

நாசிக் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும், குளிர்கால இரவு புளிப்பைக் காப்பாற்றும். புளிப்பு போய்விட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். பறித்த பழம் சூடேறினால் தொட்டிக்குப் போகும் முன்பே நொதிக்கத் தொடங்கும் என்பதால் விடியற்காலையிலேயே பறிக்கிறார்கள். செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ரகங்களின் சாறு குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் மெதுவாக நொதிக்கும்.

சாப்பிடும் திராட்சைக்குத்தான் நாசிக்கில் முதலில் பேர். 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று கொள்கை கொண்டுவந்த பிறகு ஆலைகள் பெருகின.

தோட்டத்தில் அனுமதி கேட்டு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ரகத்தின் பழம் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே விதை. சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல் வழியும். விரலில் ஒட்டும் கருஞ்சிவப்பு தோலிலிருந்து வருவது. சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைப்பது அந்த நிறத்துக்காகத்தான். விதையையும் கடித்துப் பாருங்கள்: பழுப்பாக, மொறுமொறுவென்று இருந்தால் பழம் தயார்.

ஒயின் சுவைப்பது கட்டாயமில்லை. வேண்டாம் என்பவர்கள் அந்த நேரத்தில் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். காலை 6 மணிக்குக் கிளம்புகிறோம். சென்னை உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்,
மயிலாப்பூர், சென்னை