மட்டிக்குப் பாதிப்பில்லை என்று எழுதியது சரியா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

களப்பு மாசு பற்றிய உங்கள் கட்டுரையில், "எண்ணெய் மேலே மிதப்பதால் அடியில் வாழும் மட்டி, சிப்பிகளுக்குப் பெரிய பாதிப்பில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. எங்கள் நந்திக்கடல், நாயாறு களப்புகளில் மட்டி எடுத்துக் கறிவைக்கும் குடும்பங்களும் உங்கள் பத்திரிகையை நம்பித்தான் வாசிக்கின்றன. அச்சுக்கு விடமுன் விசயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

எண்ணெய் மிதந்தபடியே இருப்பதில்லை. அலையில் நுண்துளிகளாக உடையும். மாரிவெள்ளம் கொண்டுவரும் களியோடு ஒட்டி அடியில் படியும். காற்றுப் புகாத சேற்றுக்குள் போனால் வருடக்கணக்கில் கிடக்கும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸொன் வால்டீஸ் கப்பல் கொட்டிய எண்ணெய், சிப்பிப் படுக்கைகளின் கீழ் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லீற்றர் தண்ணீரைச் செவுளால் வடித்தே இரை தின்கிறது. எண்ணெய்த் துளியும் கூடவே உள்ளே போகும். அதிலுள்ள நச்சு ஐதரோகாபன்களை மீனின் ஈரல் ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, சதையிலேயே சேர்ந்துவிடும். நல்ல மட்டி தொட்டவுடன் மூடும். எண்ணெய் குடித்தது வாய் பிளந்து கிடந்து, மெல்லத்தான் மூடும். அவிக்கும்போது சிலவேளை மண்ணெண்ணெய் மணக்கும். மணக்காவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை, அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. குஞ்சுப் பருவத்தில் இவை இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரிபவை. மேலே எண்ணெய் நின்றால் அழிவது வரப்போகும் மட்டி.

2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக எழுதின. இறங்குதுறைகளிலும் வாடிகளிலும் அன்றாடம் ஊற்றுப்படும் கழிவு ஒயிலைப் பற்றி ஒரு மூலைச் செய்திகூட வருவதில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், களப்பில் விழுந்த எண்ணெய்க்கு வெளியே போக வழியே கிடையாது. படகடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீருக்குச் சவர்க்காரத் தூள் போட்டு இறைப்பவர்களுக்கும் யாரும் சொல்வதில்லை. படலம் கண்ணுக்கு மறையும், ஆனால் துளி இன்னும் சிறுத்துச் சிப்பிக்குள் இலகுவாகப் போய்விடும்.

அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். எஞ்சினுக்குக் கியர் ஒயில் மாற்றும்போது கீழே தட்டு வைத்து வடித்து, மூடியுள்ள கலனில் சேர்க்கும்படி ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். இறங்குதுறைக்கு ஒரு மூடிப் பீப்பாவாவது வைக்கச் சொல்லி, சம்பந்தப்பட்டவர்களிடம் உங்கள் பத்திரிகை கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முல்லைத்தீவு