போல்ட்டர் ஹால், அறை எண் 3420

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"குழுவில் எல்லாரும் பெரிய ஆட்கள்ப்பா, அரைகுறையாக இருக்கிற யோசனையை அவர்கள் முன்னால் எப்படி வைப்பது" என்று கேட்டாய். அம்மாடி, நீ தினமும் நடமாடுகிற அதே லாஸ் ஏஞ்சல்ஸ் யூசிஎல்ஏ பல்கலைக்கழக வளாகத்தில், உன் வயதுப் பிள்ளைகள் இதே தயக்கத்தோடுதான் இணையத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள்.

அங்கே போல்ட்டர் ஹால் என்ற கட்டடத்தில் 3420 என்று ஓர் அறை இருக்கிறது. 1969 ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. 'இம்ப்' என்பார்கள். ஹனிவெல் கணினி ஒன்றை மாற்றியமைத்து பிபிஎன் என்ற கம்பெனி செய்தது. கணினிக்கும் டெலிபோன் லைனுக்கும் நடுவில் நின்று, தகவலைத் துண்டு துண்டாக அனுப்பி வாங்குவது அதன் வேலை. இப்படிக் கணினிகளை இணைத்த வலையமைப்புக்கு அர்ப்பாநெட் என்று பெயர், இன்றைய இணையத்தின் முன்னோடி.

இதன் அருமை என்னைப் போல டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து ஒருவர் மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டால், இரண்டு பேரும் வாயே திறக்காவிட்டாலும் அந்த லைன் அவர்களுக்குத்தான். அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் 1960களில் இதை மாற்றி யோசித்தார்கள். நீண்ட கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டுத் தனித்தனி உறையில் அனுப்பினால், எது எந்த வழியாகப் போனாலும் அங்கே அடுக்கிப் படித்துக்கொள்ளலாம் அல்லவா, அந்த மாதிரி. ஒரே லைனில் பலருடைய துண்டுகள் கலந்து போகலாம். பாரன் இதை ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனியிடம் கொண்டுபோனபோது, நடக்காத காரியம் என்று அங்கிருந்த பொறியாளர்கள் தள்ளிவிட்டார்கள். அனுபவம் மிகுந்தவர்கள்தான். ஆனாலும் அவர்கள் கணிப்பு தப்பிவிட்டது.

பெட்டி வந்த அதே 1969, அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. சார்லி க்ளைன் என்ற மாணவர் 3420-ல் உட்கார்ந்து, 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கணினிக்குள் நுழையப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தவர் பில் டுவால். இரண்டு பேரும் காதில் டெலிபோனை வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். உள்ளே நுழைவதற்கான LOGIN என்ற சொல்லை க்ளைன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'எல்' வந்ததா? வந்தது. 'ஓ' வந்ததா? வந்தது. 'ஜி' அடித்ததும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது! கோளாறைச் சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து முழுதாக உள்ளே போனார்கள். முதல் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுச் சொல்ல நம்ம டெலிபோன்தான் கூட இருந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இதைவிட நான் உனக்குச் சொல்ல நினைத்தது ஸ்டீவ் க்ராக்கர் விஷயம். அவர், விண்ட் செர்ஃப், ஜான் போஸ்டல் மூவரும் அப்போது உன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள். பெட்டி வரப்போகிறது, கணினிகள் என்ன மொழியில், எந்த ஒழுங்கில் பேசிக்கொள்ள வேண்டும் என்று யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. பெரிய நிபுணர்கள் யாராவது வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. சரி, பேசியதையாவது எழுதி வைப்போம் என்று முடிவு செய்தார்கள். வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்று க்ராக்கர் ராத்திரியில் குளியலறையில் உட்கார்ந்து எழுதினார். அதிகாரம் செய்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, 'கருத்துச் சொல்லுங்கள்' என்கிற வேண்டுகோளாகவே அதற்குத் தலைப்பு வைத்தார். ஆங்கிலத்தில் 'ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்', சுருக்கமாக ஆர்எஃப்சி. அதுதான் 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட ஆர்எஃப்சி 1.

அதே மாதம் வந்த மூன்றாவது குறிப்பை நீ அவசியம் படிக்க வேண்டும், நெட்டிலேயே இருக்கிறது. மெருகேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், சூட்டோடு சூடாக அனுப்புங்கள் என்கிறது. பதில் தெரியாத கேள்வியை மட்டும் எழுதினாலும் போதுமாம். குறைந்தபட்ச நீளம் ஒரு வாக்கியம்! படித்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இலாகாவில் ஒரு சுற்றறிக்கை வெளியே வர எத்தனை கையெழுத்து வேண்டும் என்று பார்த்தவன் நான்.

அந்த வரிசை இன்று 9000-ஐத் தாண்டிவிட்டது. கணினிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான டிசிபி, ஐபி விதிகளும், 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் மாறிக்கொண்டவை, இந்தக் குறிப்புகளாகத்தான் வெளிவந்தன. இன்றும் உலகம் முழுக்க அவைதான் ஓடுகின்றன. போஸ்டல் 1998-ல் சாகும்வரை இந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் வேலையை விடவில்லை. அவருக்கு செர்ஃப் எழுதிய அஞ்சலியும் அதே வரிசையில்தான் இருக்கிறது, எண் 2468. கண் கலங்கிவிட்டது.

அதனால் உன் யோசனையை எழுதி வைத்திருக்கிற அந்த இரண்டு பக்கத்தை வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் எல்லாருக்கும் அனுப்பிவிடு. எங்கே இடிக்கிறது என்று உனக்கே சந்தேகம் இருக்கிற இடத்தை மேலேயே எழுதிவிடு. யாராவது குறை சொன்னால் குறித்துக்கொண்டு வந்து எனக்கும் சொல்.

அப்புறம், ஒரு நாள் அந்த 3420-க்குப் போய் வா. அந்தப் பழைய இம்ப் அங்கேயே காட்சிக்கு இருக்கிறது. வெளித்தோற்றம் மட்டும் வேண்டாம், முடிந்தால் உள்ளே சர்க்யூட் கார்டுகளும் வயரிங்கும் தெரிகிற மாதிரி நாலைந்து போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா பருப்புப் பொடியும் மாவடுவும் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா