விண்வெளிச் சாப்பாடும் நம் சத்துணவுக் கூடமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த கண்காட்சியை, நாற்றங்கால் வேலைக்கு நடுவிலும் வந்து பார்த்தீர்கள். நன்றி. ராக்கெட்டைவிட, "அங்கே என்ன டீச்சர் சாப்பிடுவாங்க?" என்றுதான் பலரும் கேட்டீர்கள். பிள்ளைகள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அங்கே முறுக்கு தின்ன முடியாது. உதிரும் தூள் கீழே விழாமல் மிதந்துபோய்க் கண்ணிலும் கருவியிலும் புகுந்துவிடும். 1965இல் ஜெமினி 3 கலத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் யங் ஒரு சான்ட்விச்சை ரகசியமாகக் கொண்டுபோனார். எடுத்ததும் அது உதிர ஆரம்பித்தது; அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. உப்பும் மிளகும்கூட அங்கே திரவமாகத்தான் போகின்றன. 1984இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவுக்கான உணவுகளைத் தயாரித்தது நம் பக்கத்து மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. நடுவானில் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில் 1960களில் நாசாவும் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனமும் ஒரு முறையை வகுத்தன. சமைத்து முடித்ததைச் சோதித்து நூறு சதவீதம் உறுதி சொல்ல வேண்டுமானால், சமைத்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். அதனால் எந்தெந்தக் கட்டத்தில் கெட்டுப்போகக்கூடும் என்று முதலிலேயே பார்த்து, அங்கங்கே காவல் வைத்தார்கள். இன்று உலகெங்கும் உணவுத் தொழிற்சாலைகளில் நடப்பது அந்த முறைதான். நம் சத்துணவு மையத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். அது வேண்டியதுதான், ஆனால் அது கடைசிக் கட்டம். அரிசி மூட்டை இறங்கும்போதும், முட்டை வந்ததும், தண்ணீர்த் தொட்டி கழுவும்போதும் பார்க்க ஆள் வேண்டும்.

விபத்துகளைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஒரு அம்மா தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்பேன். 1967 ஜனவரி 27 அன்று, அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலம் தரையில் ஒத்திகையில் இருந்தபோதே தீப்பிடித்தது. உள்ளே முழுக்க ஆக்சிஜன். கதவோ உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே ஏறிய அழுத்தத்தில் அதை அசைக்கவே முடியவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சில நொடிகளில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு வந்தது.

கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம், 2003 பிப்ரவரி 1 அன்று தரையிறங்கச் சுமார் 16 நிமிடம் இருக்கும்போது சிதறியது. ஏறும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைக் காப்பு இடது இறக்கையில் மோதியிருந்தது. முந்தைய பயணங்களிலும் நுரை பிய்ந்து விழுந்ததுண்டு. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது வழக்கமான சங்கதியாகிவிட்டது. இந்தமுறை இறக்கையைப் படமெடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டும் எடுக்கவில்லை.

கும்பகோணத்தை நாம் யாரும் மறக்கவில்லை. 2004 ஜூலை 16, சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அந்தக் கூரையும் அதற்கு முந்தைய நாள் வரை வழக்கமான சங்கதிதான்.

எனவே சில வேண்டுகோள்கள். காலையில் பிள்ளையை இறக்கிவிடும் அவசரத்தில் வண்டியை வாசலை அடைத்து நிறுத்தாதீர்கள். சமையலறைப் பக்கத்துச் சிறு கதவுக்கு முன்னால் சைக்கிள்கூட வேண்டாம். "முட்டை நாறுச்சும்மா", "கேஸ் வாசனை வந்துச்சு" என்று பிள்ளை சொன்னால், நேற்றும் சாப்பிட்டாய், ஒன்றும் ஆகவில்லையே என்று அடக்கிவிடாதீர்கள். அன்றே என்னிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ சொல்லுங்கள். சொன்னவர் யார் என்று சமையலர் அம்மா கோபித்துக்கொள்வாரோ என்ற கவலை வேண்டாம். முதலில் சொல்லச் சொன்னதே அவர்தான்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. சிலிண்டர் டியூப் மாற்றுவதும், சமையலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பி வைப்பதும் அன்றைய பொருள். தச்சு வேலை தெரிந்த பெற்றோர் யாராவது அளவு நாடாவோடு வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி