பில் இல்லாத என்ஜின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் மண்டபம் ஊரின் உப்புக் காற்று எந்த வண்டியையும் விட்டுவைக்காது. மீன் கூடை சுமந்தே தேய்ந்துபோன என் ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கு நானும் மச்சானும் வீட்டு வாசலிலேயே பழைய என்ஜின் ஒன்றை வாங்கி மாற்றினோம். போல்ட் துருவேறி அசையவே இல்லை, ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, காலையில் ஸ்பேனரில் குழாயைச் சொருகி இழுத்த பிறகுதான் கழன்றது. சரி, வண்டி ஓடுகிறது. ஆனால் விற்றவர் பில் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது, புது என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பில் இல்லாமல் எதைக் காட்டிப் பதிவது? பழைய என்ஜின் விற்பவர்கள் கட்டாயம் பில் தர வேண்டும். போக்குவரத்து அதிகாரிகளும் தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கம் வந்து முகாம் போட்டு வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

– வாசகர், மண்டபம்