ஆசிரியர் என்ற பெயரைத் தாங்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர்களுக்கும், அவர்களோடு பணியாற்றும் உதவி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் 23 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்துவருகிறேன். மாணவர்கள் உங்களுக்கு அனுப்பும் கடிதங்களையும் கட்டுரைகளையும் பெரும்பாலும் முதலில் படிப்பது நான்தான். அனுப்பிய பிறகு அவர்கள் காத்திருப்பதைப் பார்ப்பதும் நான்தான். அந்தக் காத்திருப்பைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். 18 வயது நிரம்பாத ஒருவர் எழுதி அனுப்பும் எதற்கும், அதை நீங்கள் வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும், உங்களில் ஒருவர் அதைப் படித்திருக்கிறார் என்று தெரியும்படியான பதில் ஒன்றை அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்றிரண்டு வரிகள் போதும்.

எனக்கு 13 வயது இருந்தபோது முதன்முதலாக ஒரு நாளிதழுக்கு எழுதினேன். பள்ளி விட்ட அரை மணி நேரத்திற்குள் பொது நூலகத்தின் படிப்பறை மூடப்பட்டுவிடுகிறது என்பதுதான் செய்தி. அதைச் சொல்ல எனக்கு நான்கு பக்கங்கள் தேவைப்பட்டன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், இடப்புறம் இடம் விட வேண்டும், படி ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நாளிதழ் அச்சிட்டிருந்த விதிகள் அனைத்தையும் பின்பற்றி, அடித்தல் திருத்தல் இல்லாதபடி மூன்று முறை எழுதி, எனக்குத் திருப்பி அனுப்புவதற்காகத் தபால் தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து அனுப்பினேன். அன்று முதல் நான் நாளிதழ் படிக்கும் முறையே மாறிவிட்டது. வாசகர் கடிதங்கள் வரும் பக்கத்தை முதலில் பிரித்து, என் பெயர் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் உலகத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பேன்.

ஆறாவது வாரத்தில் என் கடிதம் வெளிவந்தது. நான்கு பக்கங்கள் ஒன்பது வரிகளாகியிருந்தன. என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. படிப்பறை மூடப்படும் நேரமும், அதை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் மட்டும் எஞ்சியிருந்தன. மூடிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து, வெளிச்சம் மங்கும்வரை மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு முழுப் பக்கம் காணாமற்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கத்தை எழுதுவதற்காகத்தான் நான் கடிதத்தையே தொடங்கியிருந்தேன்.

சுருக்கியது சரியே என்று இன்று எனக்குத் தெரியும். வாசகர் கடிதத்திற்கு உள்ள இடம் அவ்வளவுதான். கோரிக்கைதான் அங்கே முதலில் நிற்க வேண்டும். ஆனால் 13 வயதில் அதை அறிய எனக்கு வழி இருக்கவில்லை. நீக்கப்பட்டது அச்சில் வரத் தகுதியற்றது, யாரும் பார்த்திருக்கக் கூடாதது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அடுத்த மூன்று ஆண்டுகள் கோரிக்கைகளையும் கருத்துகளையும் மட்டுமே எழுதினேன். கண்ணால் கண்ட ஒரு மனிதரையும் எழுதவில்லை. இடமின்மையால் சுருக்கினோம் என்று இரண்டே சொற்கள் வந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் அப்படிக் கழிந்திருக்கமாட்டா.

16 வயதில் வேறொரு நாளிதழுக்கு அனுப்பிய கட்டுரை என்னிடமே திரும்பி வந்தது. உறையைத் தடவிப் பார்த்தபோதே உள்ளே இருப்பது என் தாள்கள்தான் என்று தெரிந்துவிட்டது. பிரிக்க மனம் இல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிரித்தபோது முதல் இரண்டு பத்திகளின் மேல் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடு ஒன்றும், மூன்றாம் பத்தியின் அருகே ‘இங்கிருந்து தொடங்கு’ என்ற குறிப்பும் இருந்தன. கீழே இரண்டு இடங்களில் ‘கூறியது கூறல்’ என்றும், ஓரிடத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ என்றும் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்தோ பெயரோ இல்லை. கடைசித் தாளின் அடியில் ‘திருத்தி அனுப்பு’ என்று இருந்தது.

நன்னூலின் பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்களை, குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று தொடங்கி நின்று பயனின்மை ஈறாக, தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அவை என்றோ எழுதப்பட்ட நூல்களுக்கு உரியவை என்றுதான் எண்ணியிருந்தேன். பவணந்தி முனிவர் வகுத்த சொல் ஒன்று என் தாளின் ஓரத்தில், என் வாக்கியத்தைச் சுட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அந்த மாலையில்தான் இலக்கணம் என்பது எழுதுபவருக்கு உதவுவதற்காக இருக்கிறது என்று விளங்கியது. ஒரே செய்தியை மூன்று முறை சொன்னால் அழுத்தம் கூடும் என்று நான் நம்பியிருந்த இடத்தில், முதல் முறையே போதும் என்று எனக்குத் தெரியாத ஒருவர் காட்டிவிட்டார். இன்றும் என் மாணவர்களின் கட்டுரைகளில் அவர் கோடு போட்டதைப் போலவே மெல்லிதாகக் கோடு போடுகிறேன், அடியில் இருக்கும் எழுத்து மறையக் கூடாது என்பதற்காக.

திருத்தி அனுப்பிய கட்டுரையும் வெளிவரவில்லை. அதே பொருளில் வேறொருவர் எழுதியது முந்தைய வாரமே வந்துவிட்டதாகவும், எழுத்தில் குறையில்லை என்றும் ஒரு வரி வந்தது. நிராகரிப்புகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். உங்கள் அலுவலகத்திற்குள் இருப்பவர்களுக்கு அன்றாடம் தெரிந்த பல காரணங்கள் வெளியே இருக்கும் இளையவருக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் வந்த விளம்பரம் ஒரு பத்தியின் இடத்தை எடுத்துக்கொள்ளும். பெரிய செய்தி ஒன்று வந்தால் பக்கமே மாறும். நிகழ்வை ஒட்டிய கட்டுரை நான்கு நாள் பிந்தினாலே பழையதாகிவிடும். உங்கள் பக்கத்திற்கு 400 சொற்கள் வேண்டும் என்றால் 1,200 சொற்களில் வந்ததை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், எடுத்துக்கொள்ள முடியாது. இவற்றில் எதுவும் எழுத்தின் தரத்தைப் பற்றியதன்று. ஆனால் பதில் வராத ஓர் இளையவர் எல்லாவற்றையும் தம் எழுத்தின் மீதே ஏற்றிக்கொள்கிறார். வயது வந்த எழுத்தாளர் இன்னொரு இதழுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். 14 வயதுக்காரர், தமக்கு எழுத வராது என்று முடிவுகட்டிவிடுவார். அந்த முடிவை எடுத்தவர்களை வகுப்பறையில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுவதில்லை, புகார் சொல்வதில்லை. அடுத்த முறை கட்டுரை கேட்டால் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இளையவர் என்று தெரிந்தால் மறுத்துவிடுவார்கள் என்ற அச்சம் பழையது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெருந்தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1722-ஆம் ஆண்டில், 16 வயதில், பாஸ்டன் நகரில் தம் அண்ணன் நடத்திய நாளிதழில் எழுத விரும்பினார். தாம் எழுதியது என்று தெரிந்தால் அண்ணன் அச்சிடமாட்டார் என்று எண்ணி, கையெழுத்தை மாற்றி எழுதி, இரவில் அச்சகத்தின் கதவுக்கு அடியில் தாளைச் செருகிவிட்டுப் போனார். அண்ணனும் நண்பர்களும் அதைப் படித்துப் பாராட்டி, எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊரில் கற்றறிந்தவர்களின் பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அச்சுக்கூடத்தில் பயிற்சியாளராக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் பெயர் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. நடுவயதுக் கைம்பெண் ஒருத்தியின் பெயரில் அவர் எழுதிய 14 கடிதங்கள் அவ்வாண்டில் வெளிவந்தன. நாளிதழ் என்று நான் சொன்னாலும் அது வாரம் ஒருமுறை வந்த தாள்தான். ஆனால் அந்தக் கதவடியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தன் பெயரில் எழுதினால் படிக்கமாட்டார்கள் என்று ஒரு 16 வயதுப் பிள்ளை நம்பும் நிலை 300 ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாக மாறவில்லை. இன்று அதற்குப் புதிய வடிவம் ஒன்றும் வந்துவிட்டது: எழுத்து நன்றாக இருந்தால், இதை இயந்திரம் எழுதியிருக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஐயம் எழுந்தால் எழுதியவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பத்தியில் வரும் காட்சியை எங்கே பார்த்தாய் என்று கேட்டால், பார்த்தவர் உங்கள் இடத்தில் அடங்காத அளவுக்குச் சொல்வார்.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் முதல் கதை 1947 செப்டம்பர் 13 அன்று அந்நாட்டின் தலைநகரான பொகோட்டாவின் எல் எஸ்பெக்தாதோர் நாளிதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது 20. அந்த நாளிதழை வாங்கத் தேவைப்பட்ட ஐந்து சென்டாவோ என்ற சில்லறைக் காசு கூட அன்று தம்மிடம் இல்லை என்றும், வாடகைக் காரிலிருந்து இறங்கிய ஒருவர் கையில் இருந்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கதை வந்த நாளில் எழுதியவருக்குப் பிரதி ஒன்றை அனுப்பிவைப்பது உங்களுக்குச் சிறிய வேலை. என் மாணவர் ஒருவரின் கவிதை வெளிவந்ததே எங்களுக்கு எட்டு மாதம் கழித்து, பழைய தாளில் சுற்றி வந்த பொருளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

இளையவர் ஒருவரின் எழுத்துக்கு நாளிதழ் ஆசிரியர் இடம் கொடுத்ததற்கு நம் மொழியிலும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த 21 வயது இளைஞர் ஒருவரை, ஜி. சுப்பிரமணிய ஐயர் 1904 நவம்பரில் தாம் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழுக்கு உதவி ஆசிரியராக அழைத்துக்கொண்டார். அந்த இளைஞரான சுப்பிரமணிய பாரதியின் முதற்கவிதை அச்சில் வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கே அவருக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. நாள்தோறும் குறித்த நேரத்திற்குள், புதிய செய்திக்குப் புதிய சொல் தேடி, பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டிய அந்தப் பயிற்சி அவருடைய உரைநடைக்கு என்ன செய்தது என்பதை அவர் கட்டுரைகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

பள்ளியில் கற்பிப்பவரையும் பத்திரிகையை நடத்துபவரையும் தமிழ் ஒரே சொல்லால் அழைக்கிறது. இது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை. என்னிடம் ஒரு மாணவர் கட்டுரை கொடுத்து, நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தால், அது என் கடமையில் தவறியதாகவே கருதப்படும். அதே மாணவர் அதே கட்டுரையை உங்களிடம் கொடுக்கும்போது அந்த நியதி முற்றிலும் மறைந்துவிடுவது ஏன்?

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, பேச்சிலும் எழுத்திலும் அச்சிலும் கலை வடிவிலும் கருத்தைத் தெரிவிக்கும் உரிமையைக் குழந்தைகளுக்கு உரியதாக்குகிறது. அது அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஆவணம். எந்த நாளிதழையும் எதையும் வெளியிடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இளையவர் எழுதியது என்பதற்காக மட்டும் பலவீனமான எழுத்தை வெளியிடுவது அவருக்குச் செய்யும் நன்மையும் அன்று.

பணியாளர் போதவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதை அறிவேன். ஒரு பக்கத்தை இருவர் பார்த்த காலம் போய், ஒருவரே பல பக்கங்களைப் பார்க்கும் நிலை பல நாளிதழ்களில் வந்துவிட்டது. ஆகவேதான் விரிவான விமர்சனம் கேட்கவில்லை. ‘நீளம் அதிகம்’, ‘இரண்டாம் பத்தி நன்று’, ‘காலம் கடந்துவிட்டது’ என்ற அளவில் ஒரு வரி போதும். எல்லோருக்கும் ஒரேபோல் தானாகச் செல்லும் வருத்தக் கடிதம் மட்டும் வேண்டாம். அதைப் பெற்ற இளையவருக்குத் தாம் படிக்கப்படவே இல்லை என்பதுதான் தெரியவரும். எழுதியதைக் கைப்பேசியிலிருந்து அடுத்த நொடியே ஆயிரம் பேருக்கு அனுப்ப முடிகிற காலத்தில் நாளிதழின் பதில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் மூன்றாம் பத்தியிலிருந்து தொடங்கு என்று சொல்வதில்லை. பாராட்டுவார்கள், அல்லது கடந்துபோவார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், இதில் என் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. இளையவர் பக்கங்களில் வருபவற்றில் பல, பெற்றோரும் ஆசிரியரும் மெருகேற்றி அனுப்பியவை. நானும் அப்படிச் செய்திருக்கிறேன், செய்திருக்கக் கூடாது. பெரியவர் சொல்வதைப் போன்ற அறிவுரைகளைச் சிறுவரின் படத்தோடு நீங்கள் வெளியிடும்போது, அப்படித்தான் எழுத வேண்டும் என்று படிக்கும் மற்றச் சிறுவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டில் அமர்ந்து படித்தவர்களைப் பற்றிய பக்கம் அவர்களிடமிருந்து வராமலே போய்விடும்.

என் வகுப்பில் 14 வயது மாணவி ஒருத்தி, மூன்று வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவருக்குக் கட்டுரை ஒன்றை அனுப்பியிருக்கிறாள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தொடக்கம் சற்று நீளம். அதை அவளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் விட்டுவிட்டேன். பள்ளி நூலகத்தில் நாளிதழ் வந்ததும் அவள்தான் முதலில் எடுக்கிறாள். பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். அவள் முகவரி கட்டுரையின் கடைசித் தாளில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்