ஆற்றுக்கு மேல் வட்டம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மந்தைவெளியில் இருந்துகொண்டு நாலு வருஷமாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மழை, வெயில், லிஃப்ட் இல்லாத நாலு மாடி எல்லாம் இந்த வேலையில் உள்ளதுதான், அதற்காக இதை எழுதவில்லை. கம்பெனிகள் எங்களுக்கு ஜோன், அதாவது ஆர்டர் எடுத்து ஓட்டுகிற ஏரியா, பிரிக்கிற விதம்தான் எங்கள் பெட்ரோலையும் நேரத்தையும் தின்கிறது.

போன மாதம் ஒரு ராத்திரி பட்டினப்பாக்கத்தில் ஓர் ஆர்டர் எடுத்தேன், கொடுக்க வேண்டிய இடம் பெசன்ட் நகரில் ஊரூர் குப்பம் பக்கம். மேப்பில் இரண்டும் எதிரெதிரே இருக்கும், நடுவில் அடையாறு கடலில் சேரும் இடம் மட்டும்தான். அங்கே இருந்த பாலம் 1977-ல் உடைந்தது, இன்றைக்கும் அதற்கு உடைந்த பாலம் என்றுதான் பெயர். அதனால் சாந்தோம் சாலைக்கு வந்து, துர்காபாய் தேஷ்முக் சாலையில் போய், திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறில் மெட்ரோ வேலைக்கு அடைத்து வைத்திருக்கிற தடுப்புகளுக்கு நடுவே புகுந்து சுற்றினேன். சரி, சுற்றியாகிவிட்டது. கொடுத்த பிறகு பார்த்தால் என் ஜோனுக்கு வெளியே நிற்கிறேனாம், அங்கே ஆர்டர் வராது. காலி வண்டியோடு அதே பாலம் ஏறித் திரும்பினேன், அந்தத் தூரத்துக்குக் காசு இல்லை. இத்தனை ஆர்டர் முடித்தால் கிடைக்கிற கூடுதல் காசுக்கு, அதாவது இன்சென்டிவுக்கு, இரண்டு ஆர்டர் பாக்கி இருந்தது, அதுவும் போச்சு.

எனக்கு மட்டும் இப்படி இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஓட்டுகிற நண்பனுக்கு நடுவில் ரயில் பாதை. தி.நகர் பக்கம் போக துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே என்று சில வழிகள்தான், பெரிய மழை வந்தால் அவற்றிலும் தண்ணீர் நின்றுவிடும். ஜோன் பிரிக்க மேப்பில் ஒரு புள்ளி வைத்து வட்டம் போடுகிறவர்களுக்கு அந்தத் தண்டவாளம் கண்ணில் படுவதில்லை.

தபால்துறை 1972-லேயே பின்கோடு கொண்டுவந்தது. பட்டினப்பாக்கம் 600028, ஆற்றுக்குத் தெற்கே அடையாறு 600020, பெசன்ட் நகர் 600090. தபால்காரருக்குத் தெருத்தெருவாகப் பிரித்த பீட் உண்டு, கடிதம் கொடுக்க அவர் ஆற்றைத் தாண்டுவதில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்ததை இப்போது செய்ய முடியாதா?

ஜோனைச் சின்னதாக்குங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் சின்ன ஜோனில் ஆர்டரே இல்லாமல் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பதும் எங்களுக்கு நஷ்டம்தான். ஆற்றையும் ரயில் பாதையையும் எல்லையாக வைத்துப் பிரியுங்கள், தூரத்தைச் சாலை வழியாகவே அளந்து பாருங்கள், எல்லை தாண்டி அனுப்பினால் திரும்பி வருகிற கிலோமீட்டருக்கும் காசு கொடுங்கள். கோடு போடுவதற்கு முன்னால் அந்த ஏரியாவில் ஓட்டுகிற பத்துப் பேரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள், எந்தச் சந்து முட்டுச்சந்து, எந்த கேட் ராத்திரி பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழக அரசு 2023-ல் நல வாரியம் அமைத்தது, அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறை கட்டிக் கொடுத்தது. அதற்கெல்லாம் நன்றி. அந்த வாரியம் கம்பெனிகளைக் கூப்பிட்டு இந்த ஜோன் விஷயத்தையும் பேச வேண்டும். முதலில் திரும்பி வருகிற தூரத்துக்கான காசைப் பேசட்டும்.

இப்படிக்கு,
டெலிவரி ஊழியர் ஒருவர்,
மந்தைவெளி, சென்னை.