பெரியம்மா வீட்டு நீலம்: வாக்களித்த வண்ணம் தராதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, சென்னை.

பொருள்: பழைய சுவரின் நீல வண்ணத்தை அப்படியே கலந்து தருவதாகக் கூறி வேறு வண்ணம் தந்தமை, தொகையைத் திரும்பப் பெறுதல் மற்றும் சுவரைச் சீர்செய்தல் கோரி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எவ்வளவு பழைய வண்ணமானாலும் ஒரு துண்டு மாதிரி கொண்டுவந்தால் அதே வண்ணத்தைக் கலந்து தருவதாகத் தங்கள் நிறுவனம் செய்துவரும் விளம்பரத்தை நம்பி, தஞ்சாவூரில் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனை நிலையத்தில் எமல்ஷன் பெயிண்ட் வாங்கி, தங்கள் பெயிண்டிங் சேவைக் குழுவைக் கொண்டே எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அடித்தேன். சுவரில் இன்று இருப்பது நான் கேட்ட வண்ணம் அன்று. கலந்த பெயிண்டைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை என்று விற்பனை நிலையத்தார் கைவிரித்துவிட்டதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்டது கும்பகோணத்தில் இருந்த என் பெரியம்மா வீட்டுக் கூடத்தின் நீலம். அந்த வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது. முதுமையில் எங்களுடன் வந்து தங்கியிருக்கும் பெரியம்மாவுக்குப் பழகிய சுவராக ஓர் அறையாவது அமைய வேண்டும் என்று நினைத்தோம். இடிப்பதற்கு முன் விளக்கு மாடத்தின் பக்கத்திலிருந்து கையகலக் காரைத் துண்டு ஒன்றைப் பெயர்த்து வைத்திருந்தேன். அதைத்தான் தங்கள் நிலையத்தில் கொடுத்தேன்.

அந்த வண்ணம் எப்படி உண்டானது என்பதையும் அன்றே எடுத்துச் சொன்னேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாழியில் நீற்றி, ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சி சேர்த்துச் சுவருக்கு அடிப்பார்கள். கூடத்துக்கு மட்டும், வெள்ளைத் துணிக்குப் போடும் பொடி நீலத்தைச் சிறு மூட்டையாகக் கட்டி அந்தச் சுண்ணாம்பு நீரில் அலசுவார் பெரியம்மா. அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். கலந்ததைக் கொல்லைப்புறச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்து, அது முழுவதும் காய்ந்து வெளுத்த பிறகே போதும் என்பார், அல்லது மூட்டையை மறுபடி முக்குவார். ஈரத்தில் மங்கித் தெரியும் சுண்ணாம்பு, காய்ந்தால்தான் வெளுத்துத் தன் உண்மையான நிறத்தைக் காட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

காரைத் துண்டின் விளிம்பைப் பார்த்தாலே இந்த வரலாறு விளங்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய படலங்கள், சில அடர்ந்தும் சில வெளிறியும், நகத்தால் நெருடினால் செதில் செதிலாகப் பிரிகின்றன. மேற்படலம் மட்டும் எண்ணெய் விளக்கின் புகை படிந்து சாம்பல் பூத்திருக்கிறது. தங்கள் ஊழியர் வண்ணத்தை அளக்கும் கருவியான நிறமானியை அந்தப் புகைப் படலத்தின் மேலேயே வைத்தார். உள்ளே இருக்கும் சுத்தமான படலத்தை அளக்குமாறு நான் கேட்டுக்கொண்டபோது, தட்டையான பரப்பு இருந்தால்தான் கருவி அளக்கும் என்றார். மேற்படலத்தைச் சுரண்டித் தட்டையாக்கச் சில நிமிடங்கள் போதும். அதை அவரும் செய்யவில்லை, செய்ய முன்வந்த என்னையும் விடவில்லை.

கலந்த பெயிண்டை அட்டையில் தடவிக் காட்டியபோது, கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் துண்டும் அட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கூடத்தில் பகல் வெளிச்சம் படும்போது அதே வண்ணம் பச்சை கலந்த நீலமாகத் தெரிகிறது. இதற்கான காரணம் தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரியாததாக இருக்க முடியாது. துணிக்குப் போடும் பொடி நீலம் அல்ட்ராமரின் என்னும் நிறமி. 1828 முதல் செயற்கையாகச் செய்யப்பட்டு வரும் அது, சிவப்புச் சாயல் உள்ள நீலம். சுண்ணாம்பின் காரத்தையும் தாங்கி நிற்பது. தங்கள் நிலையத்துக் கலவைச் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும் நீலமோ தாலோசயனின் என்னும் வேறொரு செயற்கை நிறமி வகையைச் சேர்ந்தது. பச்சையை நோக்கிச் சாயும் இயல்புடையது. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு வண்ணங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒத்தும் வேறொரு வெளிச்சத்தில் பிரிந்தும் தெரியக்கூடும் என்பது வண்ணத் தொழிலின் அடிப்படைப் பாடம். மாதிரி அட்டையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் இந்தத் தவறு பெயிண்ட் டப்பாவோடு நின்றிருக்கும்.

வண்ணம் சரியாகவே அமைந்திருந்தாலும் சிக்கல் முழுவதும் தீர்ந்திருக்காது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லாக மாறிச் சுவரோடு சேர்ந்துவிடுகிறது. அதன் நுண்ணிய படிகங்கள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிப்பதால்தான் அந்தச் சுவருக்குப் பளபளப்பு இல்லாத, மென்மையான ஒரு வெளிச்சம் இருந்தது. தாங்கள் தந்த எமல்ஷனோ சுவரின்மேல் பிளாஸ்டிக் படலமாகப் படிந்து, ஜன்னல் வெளிச்சம் விழும் இடங்களில் மினுமினுக்கிறது. பெரியம்மா சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சாயல் மட்டும்தான் பொருந்தும், பரப்பின் தன்மை பொருந்தாது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் சுண்ணாம்பு அடிக்கும் கைதேர்ந்த ஆளைத் தேடிப் போயிருப்பேன்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. எங்கள் வீடும் பழைய சுண்ணாம்புக் காரை வீடுதான். அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். தங்கள் குழுவினர் சுவர் எதனால் ஆனது என்று விசாரிக்காமல், புட்டி பூசி, பிரைமர் அடித்து, அதன்மேல் எமல்ஷனை ஏற்றிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல், முதல் மழைக்காலம் முடிவதற்குள் தரையை ஒட்டிய பகுதியில் படலம் கொப்பளித்து உரிகிறது. உரிந்த இடத்தில் உப்புப் பூத்திருக்கிறது. இதற்கான புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இது. பெயிண்ட், புட்டி, கூலி ஆகியவற்றுக்கு நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். காரைக்குச் சேதம் வராமல் அந்தப் படலத்தைத் தங்கள் செலவில் அகற்றித் தர வேண்டும். அதன்பின் சுவருக்குச் சுண்ணாம்பும் பொடி நீலமும் கொண்டு நாங்களே அடித்துக்கொள்கிறோம். கொல்லைச் சுவரில் இழுத்துப் பார்த்துக் கலவையைச் சொல்லப் பெரியம்மா இருக்கிறார். மேலும், எந்தப் பழைய வண்ணத்தையும் அப்படியே தருவோம் என்ற விளம்பர வாசகத்தைத் தாங்கள் திருத்த வேண்டும். இடிந்த வீட்டின் கடைசித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவர்கள் அந்த வாசகத்தை முழுமனதோடு நம்பித்தான் வருகிறார்கள்.

விற்பனை நிலையத்தில் ஒப்படைத்த காரைத் துண்டு இன்னும் என்னிடம் திருப்பித் தரப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பத்திரமாக அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஈடாக எதையும் தாங்கள் தர இயலாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு ஆகிய காரணங்களைக் காட்டி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: இரசீது நகல், கலவைச் சீட்டின் நகல், சுவரின் புகைப்படங்கள், காரைத் துண்டை ஒப்படைத்ததற்கான கையொப்பச் சீட்டின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.